உளவளத்துணையாளருக்கு யார் துணை?

ஒரே தொழிலுக்கு நம்மிடம் நாலு பெயர் உண்டு. தமிழ்நாட்டில் மனநல ஆலோசனை என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சீர்மியம் என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. பாடசாலைச் சுற்றறிக்கைகளில் ஆலோசனையும் வழிகாட்டலும் என்று வரும். பிரதேச செயலகத்துக்குப் போனால் உளவளத்துணை என்று பலகை தொங்கும். தமிழ் படித்தவர்களுக்குச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதே வேலை என்று வாசகர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். இந்த இடத்தில் சொல்லுக்குள்தான் விஷயம் இருக்கிறது.

ஆலோசனை சொல்பவர், தான் சொன்னதைக் கேட்டு மற்றவர் நடந்தாரா என்று பார்ப்பார். சீர் செய்பவர், சீராகிவிட்டதா என்று பார்ப்பார். துணை என்பது வேறு. வழித்துணை, பேச்சுத்துணை என்கிறோம். இருட்டில் வெளியே போகிற பிள்ளையிடம் "துணைக்கு வாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போ" என்கிறோம். வாப்பா அந்தப் பிள்ளைக்காக நடந்து கொடுப்பதில்லை, பாதையைச் சுருக்குவதும் இல்லை. கூட நடக்கிறார். பிள்ளைக்குப் பயம் குறைகிறது. இந்த வேலையில் பத்து, இருபது வருஷம் மனம் வாடாமல் நின்றவர்களில் நான் கண்ட பலரும் இந்த மூன்றாவது அளவுகோலை வைத்திருப்பவர்கள். முதல் இரண்டையும் வைத்திருப்பவர்கள் சீக்கிரம் களைத்துப் போகிறார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கொழும்பில் நமது பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், உளவளத்துணை டிப்ளோமாக்களில் சேர்ந்து படிக்கிறார்கள். நல்ல காரியம். தமிழில் கதைக்கக்கூடிய, இத்தா என்றால் என்ன, கைக்கூலி என்றால் என்ன என்று விளக்கம் கேட்காத ஒருவர் எதிரே இருப்பது, அழ வந்த ஒரு பெண்ணுக்கு எவ்வளவு ஆறுதல்! ஆனால் படித்து முடித்து மூன்றாம் வருஷம் பார்த்தால் ஒருவர் மொண்டிசோரி நடத்துகிறார், இன்னொருவர் டியூஷன் கொடுக்கிறார், வேறொருவர் ஏதோ நிறுவனத்தில் திட்ட அறிக்கை எழுதுகிறார். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை பத்தாது" என்று நமது கூட்டங்களில் முடித்துவிடுகிறோம். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை.

இந்தக் களைப்புக்கு உலகம் ஒரு பெயர் வைத்தே ஐம்பது வருஷம் ஆகிறது. ஹேர்பர்ட் ஃபிராய்டன்பேர்கர் என்ற உளவியலாளர் நியூயோர்க்கில் பகல் முழுக்கத் தன் சொந்தக் கிளினிக்கில் வேலை செய்துவிட்டு, இரவில் போதைக்கு அடிமையான இளைஞர்களுக்கான ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு செய்தவர். அங்கே மிகுந்த ஆர்வத்தோடு வந்த தொண்டர்களே கொஞ்ச மாதத்தில் வெறுமை பிடித்துப் போவதைக் கண்டார். அவருக்கும் அதுவே நடந்தது. 1974இல் அதைப் பற்றி எழுதியபோது 'எரிந்து தீர்ந்து போதல்' என்ற கருத்துள்ள சொல்லைப் பயன்படுத்தினார். பேர்ன் அவுட் என்று இன்று எல்லா அலுவலகத்திலும் சொல்கிறோமே, அந்தச் சொல் இப்படி ஓர் இலவச சேவை நிலையத்திலிருந்து பரவியது. சும்மா கிடந்தவன் எரிந்து தீர்வதில்லை. முதலில் எரிந்திருக்க வேண்டும்.

பின்னர் கிறிஸ்டினா மஸ்லாக் இதை அளந்து பார்க்கும் முறையை உருவாக்கினார். அவர் கண்ட அடையாளங்கள் மூன்று. உடலும் மனமும் வற்றிப் போவது ஒன்று. வருகிறவர்களை மனிதராகப் பார்க்காமல் 'கேஸ்' ஆகப் பார்க்கத் தொடங்குவது இன்னொன்று. 'நான் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை' என்ற எண்ணம் மூன்றாவது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதைத் தன் நோய் வகைப்பாட்டில் குறிப்பிட்டபோது நோய் என்று வகுக்கவில்லை, வேலையோடு சேர்ந்த ஒரு நிலை என்றே வகுத்தது. மஸ்லாக் தன் சக ஆய்வாளர் மைக்கல் லைட்டருடன் சேர்ந்து பிற்பாடு அழுத்திச் சொன்னதும் அதுதான்: வேலைச் சுமை, சுதந்திரம், கிடைக்கும் பலன், கூட இருப்பவர்கள், நியாயம், மதிப்பீடுகள் ஆகிய ஆறில் எங்கே ஆளும் வேலையும் பொருந்தவில்லை என்று பார்க்க வேண்டும். 'பொறுமை பத்தாது' என்பது அந்த ஆறில் இல்லை.

இந்தத் தொழிலுக்கென்று தனியான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மேசன் கட்டிய சுவர் கண்ணுக்குத் தெரியும். எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறையாவது சாதாரண தரப் பெறுபேறு வரும், திட்டுவதற்கோ மெச்சுவதற்கோ. உளவளத்துணையாளருக்கு என்ன வருகிறது? சுகமானவர் வருவதை நிறுத்திவிடுவார். வழியில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார், தன் ரகசியம் தெரிந்தவர் அல்லவா! திரும்பத் திரும்ப வருகிறவர்கள் சுகமாகாதவர்கள். ஆகவே அந்தக் கதிரையில் இருந்து பார்த்தால், உலகத்தில் யாருமே குணமாவதில்லை போலத் தோன்றும். போதாததற்கு, கேட்டதை வீட்டில் கணவரிடமோ உம்மாவிடமோ சொல்லவும் முடியாது. ரகசியம் காப்பது இந்த வேலையின் அமானிதம்.

கொழும்பின் தமிழ் பேசும் பகுதிகளில் இந்தச் சுமை இன்னும் கூடுதல். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே எழும்பி நிற்கிற அடுக்குமாடிகளில் பிள்ளைகளை எல்லாம் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டு, போன் அடிக்கிற நேரத்துக்காகக் காத்திருக்கிற தாய் தகப்பன்மார் எத்தனை பேர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம்மவர்களில் சிலரும் இந்த நகரத்தில்தான் வயசாகிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே படிக்கட்டில் வன்னியில் பிள்ளையைத் தொலைத்த தாயும், யாழ்ப்பாணத்து வீட்டுச் சாவியை இன்னும் வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவரும் ஏறி இறங்குகிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் தமிழில் காது கொடுக்கக்கூடியவர்கள் ஒரு சிலர்தான்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் வேறு கதை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. அன்று நாட்டில் வேறு தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் சேர்த்து 260க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். என் பாடசாலைக்கு அந்த ஆலயத்தின் மணிச்சத்தம் கேட்கும். அடுத்து வந்த வாரங்களில் கிறிஸ்தவப் பிள்ளைகளின் பயமும் முஸ்லிம் பிள்ளைகளின் பயமும் ஒரே வகுப்பறையில், பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தன. அந்தக் காலத்தில் முஸ்லிம் உளவளத்துணையாளர் ஒருவர் என்ன நிலையில் இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் மற்றவரின் இழப்பைக் கேட்க வேண்டும். பின்னேரம் தன் பர்தாவைப் பார்த்து பஸ்ஸில் விலகி உட்காருகிறவர்களைத் தாங்க வேண்டும். அடுத்த வருஷம் கொரோனா. ஜனாஸாக்களை எரிக்கிறார்கள் என்ற துயரம் 2020 ஏப்ரலில் தொடங்கி 2021 பெப்ரவரி வரை நீண்டது. மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். தன் வாப்பாவைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது அனுப்ப முடியாமல் போன மகனுக்குத் துணையாக இருந்தவருக்கும் அதே பயம் வீட்டில் இருந்தது. பிறர் துயரத்தைக் கேட்கக் கேட்கக் கேட்பவரின் உள்ளமும் காயப்படுகிறது என்பதை 1990களில் மேற்கில் பலர் எழுதினார்கள். ஆனால் அவர்கள் எழுதியது பெரும்பாலும் பிறருடைய துயரத்தைப் பற்றி. இங்கே அது தன்னுடையதும்கூட.

அப்படியானால் இந்த வேலையில் நிற்பவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்?

டேவிட் ஓர்லின்ஸ்கி, மைக்கல் ஹெல்க ரொன்னெஸ்டாட் என்ற இரு ஆய்வாளர்கள் பத்துக்கு மேற்பட்ட நாடுகளில் கிட்டத்தட்ட 5,000 உளச்சிகிச்சையாளர்களிடம் விசாரித்து 2005இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அனுபவம் கூடக் கூட சலிப்பும் கூடும் என்று நாம் நினைப்போம். அவர்கள் கண்டது அப்படி இல்லை. பல வருஷம் ஆனவர்களிலும் பெரும்பாலானோர் 'நான் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறேன்' என்று உணர்ந்தார்கள். அந்த உணர்வுதான் தொழிலைத் தாங்குகிற தூண். புதிதாக ஏதோ கற்றுக்கொள்கிற வரை ஆள் வாடுவதில்லை. வேலைத்தலத்தில் ஆதரவும், பல வகையான ஆட்களோடு வேலை செய்யும் வாய்ப்பும் இருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள். தினமும் ஒரே மாதிரிப் பிரச்சினை, ஒரே மாதிரிப் படிவம், கேட்க ஆளில்லை என்ற நிலையில் இருந்தவர்கள் பதற்றத்துக்கும் சலிப்புக்கும் ஆளானார்கள். நமது பாடசாலைகளில் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒழுக்கப் பிரச்சினை என்றால் மட்டும் அவரிடம் அனுப்புவார்கள். அறை இல்லை, களஞ்சியத்தின் ஓரம்தான். "என்ன மிஸ், சும்மா கதைச்சுக்கிட்டு இருக்கத்தானே உங்களுக்குப் பீரியட் குறைச்சிருக்காங்க" என்ற பகிடி வேறு.

இன்னோர் ஆய்வு கொலம்பியாவின் போகோட்டா நகரத்தில் நடந்தது. அரசியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்த சிகிச்சையாளர்களிடம் பேசி, 2007இல் வெளியிட்டார்கள். காயம் தொற்றுவது போலவே தாங்கும் சக்தியும் தொற்றுகிறது என்பதே அவர்கள் கண்டது. எல்லாம் இழந்த ஒருவர் மறுபடி எழுந்து அடுப்புப் பற்றவைப்பதைப் பார்க்கிற சிகிச்சையாளர், தன் சொந்தக் கவலையை வேறு கண்ணால் பார்க்கப் பழகுகிறார். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, வெள்ளவத்தையில் பல வருஷமாக இந்த வேலை செய்பவர், இதையே தன் பாஷையில் சொன்னார்: "நான் குடுக்கிறதைவிட எடுக்கிறது கூட. அதைக் கவனிச்சாத்தான் தெரியும். கவனிக்காட்டி குடுத்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்."

கவனிப்பது என்றால் எப்படி? அவர் ஒரு கொப்பி வைத்திருக்கிறார். பெயர் எழுதுவதில்லை, பிரச்சினை எழுதுவதில்லை. இன்று யாரிடம் என்ன சிறு அசைவைக் கண்டேன் என்று ஒரு வரி மட்டும். 'இன்று முகம் பார்த்துக் கதைத்தார்.' 'மூன்று நாள் தூங்கினார்.' 'என்னோடு கோபப்பட்டார், நல்லது.' சுகமானவர் சொல்லாமல் போய்விடுகிற தொழிலில், சுகம் வருகிற வழியை அந்தந்த நாளே குறித்துவைக்காவிட்டால் பிறகு கையில் ஒன்றும் இருக்காது.

தன் வேலையின் எல்லையை அறிவதும் ஒரு பலம். இலங்கையில் 1995இல் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. அடுத்த பத்து வருஷத்தில் அது பாதியாகக் குறைந்தது. ஆய்வாளர்கள் இதற்கு முதற்காரணமாகச் சொல்வது மிகக் கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்ததை. 1998இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டமும் நீக்கப்பட்டது. இதைக் கேட்டு ஓர் உளவளத்துணையாளர் 'அப்போ நான் எதற்கு?' என்று சோர வேண்டியதில்லை. எனக்கு இது ஆறுதலாகவே படுகிறது. எல்லா உயிரும் என் ஒருத்தியின் பேச்சில் தொங்கவில்லை. சட்டம் செய்கிறவர், கடைக்காரர், பக்கத்து வீட்டார், வைத்தியர் என்று பலர் தாங்குகிற சுமையில் ஒரு முனை மட்டும் என் கையில்.

சுமையைப் பகிர்வது பற்றி நமது தீவிலேயே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் உளநல மருத்துவராக வேலை செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், வருகிற எல்லாரையும் தானே பார்த்துவிட முடியாது என்பதைத் தெரிந்துகொண்டவர். ஆசிரியர்கள், கிராம மட்ட உத்தியோகத்தர்கள், மதப் பெரியவர்கள் என்று பலருக்குப் பயிற்சி கொடுத்தார். அதற்காக 'மனவடு' என்ற தமிழ்க் கைநூலை ஆக்கினார். யுத்தம் ஊர்களையே காயப்படுத்துகிறது, ஆகவே மருந்தும் ஊருக்குள்ளிருந்து வர வேண்டும் என்பது அவருடைய வாதம். மனம் அமைதியடைய இந்துக்களுக்கு ஜபம், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ர் என்று அவரவர் வழக்கத்திலிருந்தே பயிற்சிகளை எடுத்தார். வருகிறவருக்கு எது பழக்கமோ அதிலிருந்து தொடங்கினால் துணையாளருக்கும் பாதி வேலை குறைகிறது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தனக்கே அந்நியமான ஒரு முறையைத் தினமும் ஒப்பிப்பதும் ஒருவகைக் களைப்புத்தான். சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி 1979இல் முஸ்லிம் உளவியலாளர்களின் இக்கட்டைப் பற்றி ஒரு நூல் எழுதியபோது அவரைத் தொந்தரவு செய்ததும் இதுதான்.

இன்னொன்று சுமித்ரயோ. 1974இல் ஜோன் டி மெல் ஆரம்பித்தார். அதன் வேர் லண்டனில் இருக்கிறது. 1953இல் சாட் வாரா என்ற பாதிரியார் மனமுடைந்தவர்களுக்காக ஒரு தொலைபேசியை ஏற்பாடு செய்தார். கூட்டம் கூடியது. காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கத் தொண்டர்களை வைத்தார். பலர் அந்தத் தொண்டரோடு கதைத்துவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே ஆறுதலோடு போவதை அவர் கவனித்தார். அடுத்த வருஷமே பேசும் பொறுப்பைத் தொண்டர்களிடம் விட்டுவிட்டார். இந்த வழியில் வந்த அமைப்புகளில் எனக்குப் பிடித்த ஒழுங்கு ஒன்று உண்டு: முறை முடிந்து போகிற தொண்டர், கேட்ட பாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் இன்னொருவரிடம் இறக்கிவைத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு முறையும். அழ வேண்டிய அளவுக்கு வரும் வரை காத்திருப்பதில்லை.

தொழிலாகச் செய்பவர்களுக்கு இதன் பெயர் மேற்பார்வை. பெயர் சரியில்லை, கங்காணி வேலை மாதிரிக் கேட்கிறது. உண்மையில் அது அனுபவமுள்ள இன்னொருவர் முன்னால் உட்கார்ந்து, ஆளின் பெயர் சொல்லாமல், 'இந்த இடத்தில் எனக்கு என்ன நடந்தது?' என்று பேசுவது. 1950களில் லண்டனில் மைக்கல் பாலின்ட் சாதாரண குடும்ப வைத்தியர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து இதைச் செய்தார். நோயாளியைப் பற்றிப் பேசப் பேச, வைத்தியருக்கு அந்த நோயாளி மேல் இருந்த எரிச்சல், பயம், பாசம் எல்லாம் வெளியே வந்தன. அதற்குப் பிறகு அந்த நோயாளியை மறுபடி மனிதராகப் பார்க்க முடிந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். நமது பள்ளிவாசல்களிலும் சங்கங்களிலும் உளவளத்துணைக்கு ஆள் கேட்கும்போது, "இது பெரிய நன்மையான காரியம், இக்லாஸோட செய்யுங்க" என்கிறார்கள். சரி, நிய்யத் இல்லாமல் இந்த வேலை இல்லை. ஆனால் நிய்யத்தைக் காட்டி பஸ் காசையும் கொடுக்காமல் விடுவதை என்னவென்பது? மின்சாரம் திருத்த வருகிறவரிடம் நாம் இக்லாஸ் பேசுவதில்லை. இரவு 11 மணிக்கு வட்ஸப்பில் வருகிற அழுகைக்கும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாசலில் பிடித்துக்கொள்கிற குடும்பச் சண்டைக்கும் மௌலவிமாரும் ஆலிமாக்களும் ஓயாமல் காது கொடுக்கிறார்கள். பெயர்ப்பலகை இல்லாத உளவளத்துணையாளர்கள் அவர்கள். அவர்கள் களைத்தால் நமக்குத் தெரிவதே இல்லை.

ஸல்மான் பார்ஸி (ரழி), அபூதர்தா (ரழி) இருவரின் சம்பவம் நமக்குத் தெரிந்ததுதான். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்து, வீட்டையும் உடம்பையும் மறந்த அபூதர்தாவிடம் விருந்தாளியாக வந்த ஸல்மான், முதலில் சாப்பிடவைத்தார், பிறகு தூங்கவைத்தார், இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பிச் சேர்ந்து தொழுதார். உடம்புக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று சொன்னார். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னது சரி என்றார்கள். வழக்கமாக இதை நடுநிலைக்கு உதாரணமாகச் சொல்வோம். நான் இதில் வேறொன்றையும் பார்க்கிறேன். அபூதர்தாவுக்குத் தன் களைப்புத் தானாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்துச் சொல்ல ஒரு ஸல்மான் தேவைப்பட்டார்.

அந்த வெள்ளவத்தைச் சகோதரியும் இன்னும் ஐந்தாறு பேரும் மாதத்தில் ஒரு போயா தினத்தில் யாராவது ஒருவரின் வீட்டில் கூடுகிறார்கள். இரண்டு முஸ்லிம்கள், ஒரு கன்னியாஸ்திரி, ஓர் இளைப்பாறிய தாதி, யாழ்ப்பாணத்தவர் ஒருவர், சில நேரம் நானும். பெயர் கிடையாது, தலைவர் கிடையாது, அறிக்கை கிடையாது. ஒழுங்கு மூன்றுதான். வந்தவர்களைப் பற்றிப் பெயர், ஊர், தொழில் எதுவும் சொல்லக் கூடாது. யாரும் யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது, அவர் கேட்டாலொழிய. முதல் அரை மணித்தியாலம் யாருக்கு இந்த மாதம் தாங்க முடியாமல் போனதோ அவருக்கு. பிறகு தேநீர், கொறிக்க ஏதாவது, ஆளுக்கு ஒரு நல்ல செய்தி. ஒருநாளைக்கு நாலு பேருக்கு மேல் பார்ப்பதில்லை என்று அவர்களில் இருவர் இங்கே பேசித்தான் முடிவெடுத்தார்கள். ஒருவர் தனி சிம் ஒன்று வாங்கி, இஷாவுக்குப் பிறகு அணைத்துவைக்கிறார். அவசரத்துக்கு என்று வருகிறவர்களிடம் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறார். முதலில் மனசு குத்தியதாம். இப்போது காலையில் எழும்பும்போது வேலைக்குப் போக விருப்பமாக இருக்கிறது என்கிறார். போன தடவை கூடியபோது டிப்ளோமா முடித்த புதுப் பிள்ளை ஒன்றும் வந்திருந்தது. மூலையில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எழும்பும்போதுதான் வாயைத் திறந்தது: "அடுத்த மாதமும் வரலாமா?"